பிரேதத்துக்குப் பொறுப்பு யார்?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போகும் விஷயம் நல்ல காரியம் அல்ல. சாவைப் பற்றி வீட்டில் வாயெடுத்தாலே வாயைக் கழுவச் சொல்லுகிற வழக்கம் நம்முடையது. ரேஷன் கார்டைப் பற்றிப் பேசுகிறோம், வாடகையைப் பற்றிப் பேசுகிறோம், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறோம். இந்த ஒன்றை மட்டும் பேசாமல் விட்டுவிடுகிறோம். அதனால்தான் டில்லியில் ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்துபோனால், அந்த ஒரு நாளில் அவன் குடும்பம் ஒரு வருடச் சம்பாத்தியத்தைத் தொலைக்கிறது. பணம் போவதாவது போகட்டும். காகிதமும் போகிறது. காகிதம் போனால் பென்ஷன் போகிறது, நஷ்ட ஈடு போகிறது, இன்ஷூரன்ஸ் போகிறது. விதவை பத்து ஆபீஸ் ஏறி இறங்குகிறாள்.

நான் ரயில்வே குமாஸ்தா. பார்சல் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன். ஆப்பிள் பெட்டியும் மோட்டார் சைக்கிளும் போகிற அதே பிரேக் வேனில்தான் சவப்பெட்டியும் போகும். ரயில்வேயின் கணக்கில் அதுவும் ஒரு பார்சல்தான். கூட வருகிறவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இந்தி சரியாக வராது. கையில் நாலு காகிதம் இருக்கும், தேவையான ஐந்தாவது இருக்காது. வண்டி புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆசாமி வந்து நிற்பான்: "நான் முடித்துத் தருகிறேன், இவ்வளவு கொடு." கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

இந்த ஆசாமி யார்? இவனுக்கு லைசென்ஸ் உண்டா? இவனை எந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறது? இதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

ஊரில் சாவு விழுந்தால் யாரும் யாரையும் தேடிப் போகவேண்டியதில்லை. பறை அடிப்பவர், பாடை கட்டுபவர், நாவிதர், வண்ணார், குழி வெட்டும் வெட்டியான் என்று எல்லாம் பிறப்பிலேயே பங்கு போட்டு வைத்திருக்கிறார்கள். அதை நான் புகழ்ந்து சொல்லவில்லை. ஒரு சாதியின் தலையில் பிணத்தைக் கட்டிவிட்டு, கைமாறாக ஒரு படி நெல்லும் ஒரு பழைய வேட்டியும் கொடுத்த ஏற்பாடு அது. டில்லியில் அந்தப் பங்குகள் எல்லாம் வியாபாரமாகிவிட்டன. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் வண்டிக்காரர், பெட்டி செய்து கொடுப்பவர், உடலுக்கு மருந்து ஏற்றிப் பதப்படுத்துபவர், சுடுகாட்டில் ரசீது போடுபவர், விறகு விற்பவர், பண்டிட் என்று ஆளுக்கு ஒரு கை. எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக எடுத்துச் செய்து தருகிற கம்பெனிகளும் இப்போது வந்துவிட்டன. கண்ணாடி வண்டி, பூ, பண்டிட், அஸ்திக் கலசம் எல்லாம் ஒரே பில்லில்.

இவர்களுக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. ஊறுகாய் போட்டு விற்க லைசென்ஸ் வேண்டும். நம் அப்பன் ஆத்தாளின் உடலை ஏற்றி 2,000 கிலோமீட்டர் கொண்டுபோக, அந்தத் தொழிலுக்கென்று ஒரு லைசென்ஸ் வேண்டாம். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. இறந்தவர்களின் உரிமையைக் காக்க நாட்டில் தனிச் சட்டம் இல்லை என்று தேசிய மனித உரிமை ஆணையமே 2021 மே மாதம் வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பில் ஒப்புக்கொண்டு, சட்டம் செய்யும்படி கேட்டுக்கொண்டிருக்கிறது.

வெளிநாட்டில் எப்படி? அமெரிக்காவில் 1984 முதல் ஒரு விதி இருக்கிறது. ஈமக் காரியம் நடத்தித் தரும் கடைக்காரர் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை போட்ட பட்டியலைக் கொடுக்கவேண்டும். போனில் கேட்டாலும் சொல்லவேண்டும். சட்டம் கேட்காததை, சட்டம் கேட்கிறது என்று சொல்லி விற்கக்கூடாது. இங்கிலாந்தில் இந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் கேட்காமலே இருந்தார்கள். 2024 மார்ச்சில் ஹல் நகரத்தில் ஒரு கம்பெனியின் இடத்திலிருந்து 35 உடல்களைப் போலீஸ் எடுத்த பிறகுதான் நாடே விழித்தது. அங்கேயே ஸ்காட்லாந்து மட்டும் 2016-ல் சட்டம் செய்து, 2025 மார்ச் முதல் நடைமுறை விதிகளை அமலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. பணக்கார நாட்டிலும் இதுதான் நிலைமை என்றால் நாம் அதிசயப்படவேண்டியதில்லை. ஆனால் கேட்காமல் எங்கும் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தனிச் சட்டம் இல்லை என்றேனே, சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. துண்டு துண்டாக இருக்கிறது. ஒன்று இந்த அலமாரியில், ஒன்று அந்த அலமாரியில். நமக்காக யாரும் அதைச் சேர்த்துத் தைக்கவில்லை. நாமேதான் தைக்கவேண்டும்.

முதலாவது, இறப்பைப் பதிவு செய்வது. 1969-ம் வருடத்திய பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். இதில் நம்மவர்கள் தவறாமல் இடறி விழும் இடம் ஒன்று உண்டு. தயவு செய்து இதை மட்டுமாவது மனதில் வாங்கிக்கொண்டு போங்கள். சாவு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு. அடக்கம் செய்த ஊரில் அல்ல, ஆதாரில் உள்ள ஊரில் அல்ல. டில்லியில் உயிர் போனால் டில்லியில்தான் சர்ட்டிபிகேட். உடலைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கோ சேலத்துக்கோ போய், காரியம் எல்லாம் முடிந்து, பிறகு வி.ஏ.ஓ.விடம் போய் நின்றால் அவர் என்ன செய்வார்? "டில்லியில் வாங்கி வா" என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் அதற்குள் இருபத்தொரு நாள் ஓடியிருக்கும்.

இருபத்தொரு நாளுக்குள் என்றால் கட்டணம் இல்லை. முப்பது நாள் வரை தாமதக் கட்டணம். அதற்கு மேல் ஒரு வருடம் வரை மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஒரு வருடம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு. ஊரில் பதினாறாம் நாள் காரியம் முடித்து, கடன்காரர்களைச் சமாளித்து, டிக்கெட் கிடைத்துத் திரும்பி வரும்போது நாற்பது நாள் ஆகியிருக்கும். ஆகவே உடல் டில்லியைவிட்டுக் கிளம்பும்போதே ஒருவராவது இங்கே பின்தங்கி இதைக் கவனிக்கவேண்டும். சொந்தக்காரர் இல்லாவிட்டால் சங்கத்து ஆள் அந்தக் குடும்பத்துக்காக அலையவேண்டும்.

யார் தகவல் கொடுக்கவேண்டும் என்பதையும் சட்டம் சொல்லியிருக்கிறது. வீட்டில் இறந்தால் குடும்பத் தலைவர். ஆஸ்பத்திரியில் இறந்தால் ஆஸ்பத்திரிப் பொறுப்பு டாக்டர். சத்திரம், விடுதி என்றால் அதன் பொறுப்பாளர். பொது இடத்தில் அனாதையாகக் கிடந்தால் போலீஸ் ஸ்டேஷன் அதிகாரி. ஓடுகிற வண்டியில் உயிர் போனால், வண்டியின் பொறுப்பாளர் முதலில் நிற்கும் இடத்தில் தகவல் கொடுக்கவேண்டும் என்பது விதி. ரயில்காரர்களாகிய எங்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டும், பலருக்குத் தெரியாது.

அடுத்ததைக் கேளுங்கள். பிரேதத்தை எரிக்கவோ புதைக்கவோ ஒதுக்கப்பட்ட இடத்தை நடத்துபவர், அங்கே நடக்கும் ஒவ்வொரு தகனத்தையும் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும் என்று பத்தாவது பிரிவு சொல்கிறது. ஆக, ஈமத் தொழிலில் உள்ள ஒருவர் மீது இந்தியச் சட்டம் நேராகக் கைவைத்துப் பொறுப்புச் சுமத்தியிருக்கும் இடம் இது. சுடுகாட்டு ரசீது என்பது வெறும் பணம் கட்டிய சீட்டு அல்ல. வீட்டில் இறந்தவருக்கு அதுதான் பதிவின் ஆதாரம். அதைச் சட்டைப் பையில் போட்டு மழையில் நனையவிட்டு, பிறகு என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. கடமை தவறினால் தண்டனை என்ன? சட்டம் வந்தபோது ஐம்பது ரூபாய் வரை அபராதம்! 2023-ல் திருத்தம் செய்துதான் தொகையைக் கூட்டினார்கள். அப்போதும் அது சில நூறுகளில்தான் நிற்கிறது. டில்லி ரோட்டில் தப்பான இடத்தில் வண்டியை நிறுத்தினால் அதைவிட அதிகம் கட்டவேண்டியிருக்கும்.

அதே திருத்தத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2023 அக்டோபர் 1 முதல், எந்த ஆஸ்பத்திரியாக இருந்தாலும் மரணத்துக்கான காரணத்தைக் குறித்த மருத்துவச் சான்றைக் கட்டாயம் கொடுக்கவேண்டும், ஒரு பிரதியை நெருங்கிய உறவினரிடமும் தரவேண்டும். இலவசமாக. கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெயர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான் உண்டு. கவுண்டரில் உள்ளவர், "முருகேசன், சரி, அடுத்த பெயர் என்ன?" என்பார். நாம் அப்பா பெயரைச் சொல்வோம். அவர் அதையே குடும்பப் பெயராக்கி, முருகேசனை முர்கேஷ் ஆக்கி, ஒரே நிமிடத்தில் பஞ்சாபிக்காரராக மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிடுவார். ஆதாரில் ஒரு பெயர், பாங்குப் புத்தகத்தில் ஒரு பெயர், சாவுச் சான்றில் ஒரு பெயர் என்றால் செத்தவன் யார் என்று பாங்கு மானேஜர் கேட்பார். நியாயமான கேள்விதானே? ஆதார் நகலை வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். தவறு விழுந்துவிட்டால் பதினைந்தாவது பிரிவின்படி திருத்தக் கேட்கலாம். ஆனால் அது இன்னொரு அலைச்சல்.

இரண்டாவது, ஆஸ்பத்திரிப் பாக்கி. தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்திருந்து உயிர் போய்விட்டது. பாக்கி கட்டினால்தான் உடலைத் தருவோம் என்று நிறுத்திவைக்கிறார்கள். இது நம் மக்களுக்கு நடந்திருக்கிறது. தாலியைக் கழற்றி அடகு வைத்து உடலை மீட்டிருக்கிறாள் ஒருத்தி. எந்தத் தாலி என்று யோசித்துப் பாருங்கள். தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டயத்தை 2019-ல் மத்திய சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் அனுப்பியது. பணத் தகராறைக் காரணம் காட்டி உடலைப் பிடித்துவைக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. 2021 ஆலோசனைக் குறிப்பிலும் இருக்கிறது. பாக்கி இருந்தால் அதற்குச் சிவில் கோர்ட் இருக்கிறது. பிணத்தை ஜப்தி செய்ய யாருக்கும் அதிகாரம் இல்லை. இதை இந்தியில் தட்டச்சு செய்து சங்கத்தில் வைத்திருக்கிறோம். ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு நாலு பேராகப் போய் நில்லுங்கள். தனியாளாகப் போனால் வாசல் காவலாளியே விடமாட்டான்.

மூன்றாவது, போலீஸ் வழக்கு. கட்டடத்திலிருந்து விழுந்தவர், ரோட்டில் அடிபட்டவர், சாக்கடைக் குழியில் இறங்கியவர், தூக்கில் தொங்கியவர் என்று இயற்கையல்லாத சாவு எல்லாவற்றுக்கும் போலீஸ் விசாரணை உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 174 என்று நமக்குப் பழக்கமான பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 194-வது பிரிவு. நம்மவர்கள் பிரேதப் பரிசோதனை என்றாலே பயப்படுகிறார்கள். "உடலை அறுக்கவேண்டாம், அப்படியே கொடுத்துவிடுங்கள்" என்று கெஞ்சுகிறார்கள். தேக்கேதார் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆமாம், எதற்கு வீண் தொந்தரவு, வண்டிச் செலவை நான் தருகிறேன்" என்பான். அவன் ஏன் அவ்வளவு தயாளனாக இருக்கிறான்? பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாவிட்டால் வேலையில் செத்தான் என்பதை நாளைக்கு எதை வைத்துக் காட்டுவீர்கள்? சாக்கடைக் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2023 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன் 10 லட்சம். வண்டிச் செலவைக் காட்டி அந்த 30 லட்சத்தை அவன் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான்.

இரவில் பரிசோதனை நடக்காது, நாளை வா என்று சொல்வதும் பழைய கதை. வசதியுள்ள ஆஸ்பத்திரிகளில் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அனுமதித்துவிட்டது. கொலை, தற்கொலை போன்ற சந்தேக மரணங்களுக்கு மட்டும் பொதுவாக இது பொருந்தாது.

காதில் கிடந்த தோடு, இடுப்பில் கட்டியிருந்த பணம், செல்போன் எல்லாம் பிணவறைக்குப் போகும்போது இருந்தது, வரும்போது இல்லை என்ற புகார் அடிக்கடி வருகிறது. செத்தவரின் உடைமையைத் திருடுவது தனிக் குற்றம். பழைய 404, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 315. மூன்று வருடம் வரை ஜெயில்; இறந்தவரிடம் குமாஸ்தாவாகவோ வேலையாளாகவோ இருந்தவன் செய்தால் ஏழு வருடம் வரை. பிரேதத்தை அவமதிப்பதும் குற்றம்தான், 301-வது பிரிவு. ஆகவே உடலை ஒப்படைக்கும்போதே இன்னின்ன உடைமை என்று ஒரு தாளில் எழுதி, போலீஸ்காரர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஒரு தாள், ஒரு பேனா. இதற்குச் செலவே இல்லை.

இனி, ஊருக்குக் கொண்டுபோவது. பறக்கும் வண்டியோ ரயிலோ, கேட்கிற காகிதம் ஏறக்குறைய ஒன்றுதான்: இறப்புக்கான டாக்டர் சான்று, போலீசின் ஆட்சேபமில்லாச் சான்று, உடலைப் பதப்படுத்திய சான்று, பெட்டியை மூடிச் சீலிட்ட சான்று, கூடப் போகிறவரின் அடையாள அட்டை. பதப்படுத்தும் வேலை எய்ம்ஸ் போன்ற அரசு ஆஸ்பத்திரிகளின் உடற்கூறு இயல் துறைகளில் நடக்கிறது. வாசலில் நிற்கிற ஆள், "தனியாரிடம்தான் செய்யமுடியும்" என்று சொல்வதை நம்பாதீர்கள். ரயிலில் கூடப் போகிறவர் அதே வண்டியில் டிக்கெட் எடுத்திருக்கவேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 2,180 கிலோமீட்டர், ஏறத்தாழ 33 மணி நேரம். ரோடு வழியாகப் போகும் வண்டிக்காரர்கள் மூன்று பேரைக் கேட்டால் மூன்று விலை. திரும்பி வரும் காலி வண்டிக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு, வழியில் பழம் ஏற்றிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

விலை கட்டுப்படுத்த முடியாது என்று யாராவது சொன்னால், டில்லியிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையில் ஆம்புலன்ஸ்காரர்கள் வாய்க்கு வந்த விலை சொன்னபோது, டில்லி அரசு முதல் 10 கிலோமீட்டருக்குச் சாதாரண வண்டிக்கு 1,500, ஆக்சிஜன் வண்டிக்கு 2,000, உயர்தர வண்டிக்கு 4,000, அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 100 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டது. ஒரே நாளில் உத்தரவு வந்தது. உயிரோடு இருப்பவருக்குப் போட முடிந்ததை இறந்தவருக்கு ஏன் போட முடியாது? தமிழ்நாட்டில் அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. ஆனால் நம் வண்டி தமிழ்நாட்டு எல்லைக்குப் போய்ச் சேர்வதற்குள் நாம் கடனாளி ஆகிவிடுகிறோம்.

வேலைக்கு அழைத்து வந்தவனின் பொறுப்பு என்ன? 1979-ல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று ஒரு சட்டம் வந்தது. ஐந்து பேரை அழைத்து வந்தாலே தேக்கேதாருக்கு அது பொருந்தும். தொழிலாளி விபத்தில் இறந்தால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும், நெருங்கிய உறவினருக்கும் தகவல் தரவேண்டும் என்று அதன் பதினாறாவது பிரிவில் இருந்தது. தரவில்லை என்பது வேறு விஷயம். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் போய், புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. தகவல் தரும் கடமை புதிதிலும் இருக்கிறது. ஆனால் ஐந்து பேர் என்பது பத்துப் பேர் ஆகிவிட்டது! எட்டுப் பேரைக் கூட்டிவந்து குழி வெட்டச் சொல்லுகிற சின்ன தேக்கேதார் தப்பித்துக்கொண்டான். வீட்டு வேலை செய்யும் நம் தாய்மார்கள் அன்றும் கணக்கில் இல்லை, இன்றும் இல்லை. இதை எதிர்த்துப் பேச நாம் தொழிற்சங்கங்களோடு நிற்கவேண்டும்.

இ.எஸ்.ஐ. உள்ளவர் இறந்தால் ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு. குடும்பத்தின் மூத்தவரோ, குடும்பம் கூட இல்லாவிட்டால் உண்மையில் செலவு செய்தவரோ மூன்று மாதத்துக்குள் கேட்கவேண்டும். சங்கமே செலவு செய்திருந்தால் செலவு செய்த ஆளின் பெயரில் பில் இருக்கட்டும். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்திலும் ஈமச் சடங்கு உதவி உண்டு, கார்டு புதுப்பித்திருந்தால். எத்தனை பேர் புதுப்பித்திருக்கிறீர்கள்? கையைத் தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

இங்கே இன்னொரு பக்கத்தையும் பார்க்கவேண்டும். வாசலில் நிற்கும் தரகனைத் திட்டுகிற வேகத்தில், உள்ளே சிதை அடுக்குகிறவனையும் சேர்த்துத் திட்டிவிடுகிறோம். டில்லியில் பிரேதங்களைத் தகனம் செய்ய இடம் கொடுத்துப் பராமரிப்பது, 1957-ம் வருட மாநகராட்சிச் சட்டப்படி மாநகராட்சியின் கட்டாயக் கடமை. ஆனால் பல மயானங்களை மாநகராட்சி தானே நடத்துவதில்லை. சமாஜங்களும் பஞ்சாயத்துகளும் நடத்துகின்றன. அங்கே வேலை செய்பவனுக்கு நிலையான சம்பளம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல இடத்தில் நீங்கள் கொடுக்கிற பத்தும் இருபதும்தான் அவன் வருமானம். அதனால்தான் கைநீட்டுகிறான். சம்பளம் கொடுக்காமல் வைத்திருக்கும் நிர்வாகத்தை நாம் கேட்பதில்லை, கைநீட்டுகிறவனை ஏசுகிறோம். 2021 ஏப்ரல், மே மாதங்களில் சீமாபுரியில் இடம் போதாமல் பக்கத்துக் காலி இடத்தில் சிதை அடுக்கினார்களே, ஷகீத் பகத்சிங் சேவா தளத்தின் தொண்டர்கள் இரவு பகலாகப் பிரேதம் சுமந்தார்களே, அப்போது சொந்தப் பிள்ளைகளே தள்ளி நின்ற உடலைத் தொட்டவர்கள் இந்த மயானத் தொழிலாளர்கள். அவர்களுக்கு நியாயமான கூலியும் பாதுகாப்புக் கவசமும் தரவேண்டும் என்று அதே மனித உரிமை ஆணையக் குறிப்பு சொல்கிறது. நம் கோரிக்கையில் அதுவும் இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் வெட்டியானுக்குப் படி நெல் போட்ட புத்தியோடு இங்கேயும் நடந்துகொண்டால் டில்லிக்கு வந்து என்ன பயன்?

ஊருக்குக் கொண்டுபோகத்தான் வேண்டுமா என்றும் கேட்கிறேன். கோபிக்காதீர்கள். பெற்ற தாய் முகம் பார்க்கவேண்டும் என்றால் கொண்டுபோங்கள், கடன் வாங்கியாவது. ஆனால் "சொந்த மண்" என்று நாம் சொல்கிற மண்ணில் எல்லாருக்கும் வழி இருக்கிறதா? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடிப் பக்கம், வயல் வழியே போக விடாததால் தலித் மக்கள் தங்கள் உறவினரின் பிரேதத்தைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கிய காட்சியை நாடே பார்த்தது. சென்னை ஐகோர்ட் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. 2020 ஏப்ரலில் சென்னையில், நோயாளிகளைக் கவனித்து இறந்த டாக்டரின் உடலையே புதைக்க விடாமல் கல்லெறிந்தார்கள். பிறகுதான் அடக்கத்தைத் தடுப்பவருக்குக் குறைந்தது ஒரு வருட ஜெயில் என்று தமிழ்நாட்டில் அவசரச் சட்டம் வந்தது. யமுனைக் கரையில் எந்தச் சாதி என்று கேட்காமல் எரித்தார்கள், அது போதும் என்று என்னிடம் சொன்ன தோழர் ஒருவர் இருக்கிறார். நம் ஊரில் புதைக்கிற வழக்கமுள்ள குடும்பங்கள்கூட இங்கே எரிக்கின்றன. வழக்கம் வேறு, கண்ணியம் வேறு.

கண்ணியம் என்ற சொல்லை நான் சும்மா சொல்லவில்லை. அது சட்டத்தின் சொல். 1995-ல் பரமானந்த் கட்டாரா வழக்கில், உயிரோடு இருப்பவருக்கு மட்டுமல்ல, செத்த பிறகு அவர் உடலுக்கும் கண்ணியம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. தூக்கிலிடப்பட்டவரின் உடலைப் பற்றிய வழக்கு அது. 2002-ல் டில்லியின் வீடற்ற மக்களுக்காக ஆசிரய் அதிகார் அபியான் கொண்டுபோன வழக்கில், தெருவில் செத்தவருக்கும் அவர் சமயப்படி முறையான அடக்கம் பெற உரிமை உண்டு, அது அரசின் கடமை என்று வந்தது. தூக்கு மேடையில் போனவனுக்கும் நடைபாதையில் போனவனுக்கும் உண்டு என்றால், உழைத்துச் செத்த நம் ஆளுக்கு இல்லையா?

இப்போது வேலைக்கு வருவோம். 2025 ஜூன் 1-ல் ஜங்புராவின் மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் வீடு என்றார்கள். மீதிப் பேர் திசைக்கு ஒன்றாகப் போனார்கள். முன்பு ஒரு வீட்டில் சாவு என்றால் சந்து முழுவதும் கூடிவிடும். பாடைக்கு மூங்கில் ஒருவர், காகிதத்துக்கு ஒருவர், அடுப்புப் பற்றவைக்க ஒருவர். இன்று நரேலாவில் நாலாவது மாடியில் ஒருவர் இறந்தால், தெரிந்த முகம் வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகிறது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் தரகன் வந்துவிடுகிறான்.

ஆகவே செயற்குழுவில் பேசி முடிவு செய்ததைச் சொல்கிறேன். சவ வண்டிக்கும் பெட்டிக்கும் மருந்து ஏற்றுவதற்கும் விலைப்பட்டியலை ஒவ்வொரு அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி மாட்டவேண்டும், இந்தத் தொழில் செய்பவர்கள் மாநகராட்சியில் பதிவு செய்துகொள்ளவேண்டும், மயானத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்கவேண்டும் என்று டில்லி அரசுக்கு மனுக் கொடுக்கிறோம். தமிழ்நாடு அரசுக்குத் தனி மனு. வெளிநாட்டில் இறக்கும் தமிழரின் உடலைக் கொண்டுவர அயலகத் தமிழர் துறை உதவுகிறது; நல்லது, வரவேற்கிறோம். டில்லியில் இறக்கும் கூலித் தமிழனுக்கும் தமிழ்நாடு இல்லத்தில் ஒரு மேஜை, ஒரு தமிழ் தெரிந்த ஆள், ஒரு போன் நம்பர் இரவிலும் இருக்கவேண்டும் என்று கேட்கிறோம். கையெழுத்து வாங்கும் தாள்கள் வாசலில் இருக்கின்றன. கைநாட்டும் செல்லும்.

மனுவுக்குப் பதில் வரும்வரை சாவு காத்திருக்காது. அதனால் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேர் என்று போடுகிறோம். சப்தர்ஜங், லோக் நாயக், எய்ம்ஸ், ஜி.டி.பி. ஆகிய நாலுக்கும் இந்தி பேச, படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் பெண்கள். ரயிலில் அனுப்புவதென்றால் என்னைக் கூப்பிடலாம், டியூட்டி இல்லாத நேரத்தில் நானே வருவேன். டியூட்டியில் இருந்தால் கவுண்டரில்தான் இருப்பேன். திரிலோக்புரிக்கு ஆள் கிடைத்துவிட்டது. நரேலாவுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். மோட்டார் சைக்கிள் உள்ளவர்களாக இருந்தால் நல்லது. நோட்டுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது.